ஐம்பதிலும் வளையும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

முன்னுரை

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது நம் நாட்டுப் பழமொழி. பிள்ளைகளைக் காலத்தே பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்னும் நல்லெண்ணத்தில் பெரியோர் சொன்ன சொல் இது. ஆயின், ஐம்பதைக் கடந்தவர் எழுத்தறிய விரும்பினால் அவர் வாயை அடைக்கவும் இதே பழமொழிதான் பயன்படுகிறது. "காடு வா வா என்கிறது, வீடு போ போ என்கிறது. இந்த வயதில் படிப்பு எதற்கு?" என்று முதியோரே தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு அது வேரூன்றிவிட்டது.

அப்பழமொழி கேட்கும் வினாவுக்கு "வளையும்" என்று விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நூலகத்தில் கிடைத்த செய்திகளோடு, சென்ற ஆண்டு ஆனித் திங்கள் தொடங்கி எட்டு மாதங்கள், குன்றத்தூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆறு முதிய பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தபோது நான் கண்டவற்றையும் சேர்த்து எழுதுகிறேன். அறுவரில் ஒருவர் என் ஆயா. எங்கள் வட்டாரத்தில் பாட்டியை அப்படித்தான் அழைப்போம். ஒருவர் முருகன் மலையடிவாரத்தில் பூ விற்பவர். இருவர் என் ஆயாவைப் போலவே செங்கல் சூளையில் கல் அறுத்தவர்கள். ஒருவர் நடவு, களை என்று கழனி வேலைக்குப் போனவர். மற்றொருவர் ஓர் ஆலையின் கேன்டீனில் பாத்திரம் கழுவியவர். அறுவருக்கும் அறுபதுக்கு மேற்பட்ட வயது. எவரும் பள்ளிக்கூடத்தின் உள்ளே சென்றதில்லை.

முதியோர் இல்லாத முதியோர் கல்வி

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் 'முதியோர் கல்வி' என்ற தொடர் தமிழ்நாட்டின் சிற்றூர்களில் எல்லாம் ஒலித்தது. மாலையில் அரிக்கேன் விளக்கின் ஒளியில் வகுப்புகள் நடந்ததைப் பெரியவர்கள் இன்றும் நினைவுகூர்வர். ஆனால், அந்த முதியோர் கல்வியில் முதியோர்க்கு இடம் இருந்ததா என்பதே என் முதல் ஐயம்.

தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டம் 1978ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பெற்றது. ஐந்தாண்டுகளில் 10 கோடிப் பேருக்கு எழுத்தறிவு என்பது அதன் குறிக்கோள். அந்தப் பத்துக் கோடியும் 15 முதல் 35 வயதுக்கு உட்பட்டோர். அடுத்து, 1988ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் தேசிய எழுத்தறிவு இயக்கம் தோன்றியது. அதன் இலக்கு 8 கோடிப் பேர். வயது வரம்பு மீண்டும் அதே 15 முதல் 35. நாம் முதியோர் கல்வி என்று பெயரிட்டழைத்தது உண்மையில் இளைஞர் கல்வியே ஆகும்.

இவ்வரம்பிற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பணமும் ஆசிரியரும் குறைவாக உள்ள நாடு, நெடுங்காலம் உழைக்கக்கூடிய வயதினருக்கு முதலிடம் தந்தது. கல்விக்கு இடும் முதல் எத்தனை ஆண்டுகளில் திரும்பி வரும் என்னும் பொருளியல் கணக்கு அது. அதில் தவறில்லை என்றுதான் பொருளியல் மாணவனாகிய நானும் முதலில் நினைத்தேன். பிறகு அக்கோட்டினை என் ஆயாவின் வாழ்க்கையின்மீது வைத்துப் பார்த்தேன்.

ஆதார் அட்டையின்படி ஆயா 1952இல் பிறந்தவர். 1978இல் அவருக்கு வயது 26. வகுப்பில் சேரத் தக்க வயதுதான். ஆனால் அப்போது அவர் குடும்பத்தோடு சூளையிலேயே குடிசை போட்டுத் தங்கியிருந்தார். விடியுமுன் மண் மிதிக்கத் தொடங்கி, பொழுது சாயும்வரை கல் அறுத்து, பிறகு அடுப்பு மூட்ட வேண்டும். மடியில் கைக்குழந்தை வேறு. மாலை வகுப்பு அவரைத் தேடி வரவில்லை. அவரும் தேடிப்போக இயலவில்லை. 1988இல் அடுத்த இயக்கம் வந்தபோது அவருக்கு வயது 36. வரம்பைத் தாண்டி ஓராண்டு ஆகியிருந்தது.

இது ஓர் ஆயாவின் கதை மட்டுமன்று. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அறுபதும் அதற்கு மேலும் வயதுடையோர் 10 கோடிக்கு மேல் இருந்தனர். அவர்களுள் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 44 பேரே. ஆண்களில் 59 விழுக்காடு, பெண்களிலோ 28 விழுக்காடு. நூறு மூதாட்டிகளில் எழுபத்திரண்டு பேர் எழுத்தறியாதவர்கள் என்றால், ஒவ்வொரு திட்டமும் யாரைக் கடந்து சென்றது என்பது வெள்ளிடைமலை.

2022 முதல் 2027 வரைக்கும் என வகுக்கப்பட்ட புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 15 வயதுக்கு மேற்பட்ட அனைவரையும் ஏற்கிறது, மேல்வரம்பு கிடையாது. காகிதத்தில் கோடு அழிக்கப்பட்டுவிட்டது. மனத்தில் உள்ள கோடுதான் எஞ்சியிருக்கிறது.

பிற இடங்களின் பட்டறிவு

வளர்முக நாடுகள் பலவற்றில் இக்கோடு பலமுறை அழிக்கப்பட்டுள்ளது. தான்சானியாவின் தலைவர் ஜூலியஸ் நைரேரே அறுபதுகளிலேயே வயதுவந்தோர் கல்விக்கு முதன்மை தந்தார். குழந்தைக்குத் தரும் கல்வி நாட்டில் பலன் காட்டப் பல ஆண்டுகள் ஆகும். பெரியவர்களின் மனப்போக்கோ இன்றைக்கே விளைவை உண்டாக்கும் என்பது அவர் கருத்து. 1970ஆம் ஆண்டு அங்கு வயதுவந்தோர் கல்வி ஆண்டாக அறிவிக்கப்பட்டது. 1967இல் மூவரில் இருவர் எழுத்தறியாதிருந்த அந்நாட்டில், அரசுக் கணக்குப்படி 1986இல் பத்தில் ஒருவரே அவ்வாறு இருந்தார். பின்னர்ப் பொருளாதார நெருக்கடியில் இயக்கம் தளர்ந்ததும் எழுத்தறியாமை மீண்டும் தலைதூக்கியது என்பதையும் மறைக்கலாகாது. கற்றவர் தொடர்ந்து படிப்பதற்கு ஏதேனும் இல்லாவிட்டால் கற்ற எழுத்தும் நில்லாது.

கென்யாவில் 2003இல் தொடக்கக் கல்வி இலவசமாக்கப்பட்டது. மறு ஆண்டு சனவரியில் கிமானி மருகே என்னும் 84 வயது முதியவர் கால்சட்டை அணிந்து எல்டோரெட் நகருக்கு அருகே ஒரு பள்ளியின் முதல் வகுப்பில் வந்து அமர்ந்தார். விவிலியத்தைத் தாமே படிக்க வேண்டும், தமக்கு வரவேண்டிய பணத்தைத் தாமே எண்ணிப் பார்க்க வேண்டும் என்பவை அவர் கூறிய காரணங்கள்.

அயலில் உள்ள கேரளத்தில், கோயில்களில் துப்புரவுப் பணி செய்து வாழ்ந்த கார்த்தியாயினி அம்மா தம் 96ஆம் வயதில், 2018இல், எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூற்றுக்கு 98 மதிப்பெண் பெற்றார். மராட்டியத்தின் பாங்கணே சிற்றூரில் 2016ஆம் ஆண்டு மகளிர் நாளன்று பாட்டிமார்களுக்கென்றே ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. இளஞ்சிவப்புப் புடவையே அங்குச் சீருடை.

'முதிய மூளை புதிய எழுத்தை ஏற்குமா?' என்பார்க்கும் விடை உண்டு. கொலம்பியாவில் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டுப் பெரியவர்களான பின் எழுத்தறிந்த முன்னாள் போராளிகளின் மூளையை அறிவியலறிஞர்கள் ஆராய்ந்தனர். எழுத்தறியாதாரோடு ஒப்பிடுகையில் அவர்கள் மூளையின் சில பகுதிகளில் சாம்பல்நிறப் பொருள் மிகுந்திருந்ததாக 2009இல் அறிவித்தனர். வளரும் பருவம் கடந்த பின்னும் மூளை வளையத்தான் செய்கிறது.

முதலில் கண், பிறகு எழுத்து

இவற்றையெல்லாம் படித்துவிட்டு மிகுந்த ஊக்கத்தோடு நான் திண்ணையில் வகுப்பைத் தொடங்கினேன். முதல் இரண்டு வாரங்களில் யாரும் எதுவும் கற்கவில்லை. 'அ' என்று காட்டினால் "ஆமாம்" என்பார்கள். மறுநாள் கேட்டால் விழிப்பார்கள். பழமொழி வென்றுவிட்டதோ என்று நானும் சோர்ந்தேன்.

ஒரு நாள் பூக்கார ஆயா ஊசியில் நூல் கோக்க என்னை அழைத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு எழுத்து தெரியவில்லை என்பது இருக்கட்டும். எழுத்து இருக்கும் இடமே தெளிவாகத் தெரியவில்லை. நாற்பதைக் கடந்தால் வரும் வெள்ளெழுத்து! படித்தவர்களுக்கு வந்தால் மறுநாளே கண்ணாடி வாங்குகிறோம். படியாதவர் கண்ணாடி கேட்டால், "படிக்கவா போகிறாய்?" என்கிறோம்.

அசாமில் தேயிலை பறிக்கும் நாற்பது வயதுக்கு மேற்பட்ட தொழிலாளர்களுக்கு விலை மலிந்த கண்ணாடி கொடுத்து ஆராய்ந்ததில், அவர்கள் பறிக்கும் அளவு ஏறக்குறைய 22 விழுக்காடு கூடியதாக 2018இல் வெளியான ஆய்வு கூறுகிறது. இலை பறிக்கவே கண்ணாடி இவ்வளவு உதவுமானால், எழுத்துக்குச் சொல்ல வேண்டுமா? அரசு மருத்துவமனைக்கு அறுவரையும் அழைத்துச் சென்றேன். நால்வருக்குக் கண்ணாடி போதும் என்றனர். கழனி வேலைக்குப் போன ஆயாவுக்குக் கண்புரை. அறுவைச் சிகிச்சை நடந்தது. கண்ணாடி வந்த வாரமே வகுப்பு வேறு வகுப்பாக மாறியது.

எந்தச் சொல்லில் தொடங்குவது?

நம் மொழியில் எழுத்துகள் 247. குழந்தைக்குச் சொல்லித்தருவதுபோல் உயிரில் தொடங்கி வரிசையாகச் சென்றால், பயனுள்ள ஒரு சொல்லைப் படிக்கவே மாதங்கள் ஆகும். முதியவருக்கு அவ்வளவு பொறுமை இராது. இருக்க வேண்டியதும் இல்லை.

இங்கே எனக்குக் கைகொடுத்தவர் பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ பிரெய்ரே. 1963இல் ஆங்கிகோஸ் என்னும் ஊரில் ஏறத்தாழ 300 தொழிலாளர்களுக்கு நாற்பது மணி நேரப் பாடத்தில் எழுத்தறிவு தந்தவர். மறு ஆண்டு இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியதும் சிறையும் நாடு கடத்தலும் அவருக்குப் பரிசாயின. கற்பவரின் அன்றாட வாழ்வில் கனமான ஒரு சொல்லை எடுத்து, அதைப் பற்றிப் பேசவிட்டு, அசைகளாகப் பிரித்து, அவ்வசைகளின் இனத்தைக் காட்டிப் புதுச் சொற்களை அவர்களையே உண்டாக்கச் செய்வது அவர் முறை. அவர் எடுத்தாண்ட சொற்களில் பெயர்பெற்ற ஒன்று, செங்கல்லைக் குறிக்கும் 'திஜோலு'. கல் அறுத்த மூவர் அமர்ந்திருந்த என் திண்ணையில் இச்செய்தியைச் சொன்னபோது, "அந்த ஊர்லயும் சூளை இருக்குதா?" என்று வியந்தார்கள்.

"உங்களுக்கு எதைப் படிக்க வேண்டும்?" என்று நானும் கேட்டேன். பூக்கார ஆயாவுக்குப் பேருந்தின் பெயர்ப்பலகை. கேன்டீன் ஆயாவுக்கு மாத்திரை உறையில் எழுதிய 'காலை, பகல், இரவு'. மற்றொருவருக்குக் கைப்பேசியில் அழைப்பது மகனா மகளா என்று பார்க்க வேண்டும். என் ஆயா மட்டும் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பட்டா, பத்திரம்" என்றார்.

'பட்டா'விலேயே தொடங்கினோம். மூன்றே எழுத்துகள். அவற்றின் இனத்திலிருந்து படி, பட்டு, பாட்டு, பாட்டி எனச் சொற்கள் பிறந்தன. 'பாட்டி' என்று முதன்முதல் தாமே கூட்டிப் படித்த அன்று, ஆயாக்கள் சிரித்த சிரிப்பு தெருக்கோடிவரை கேட்டது.

ஷிப்டு வண்டியும் திண்ணை வகுப்பும்

நம் வட்டாரத்தின் முகம் கால் நூற்றாண்டில் மாறியதை யாவரும் அறிவோம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. தொடர்ந்து திருப்பெரும்புதூர், ஒரகடம் எனச் சிப்காட் வளாகங்கள் பெருகின. விடியற்காலையில் ஆலை வண்டிகள் தெருமுனையில் நின்று இளைஞரையும் இளம்பெண்களையும் ஏற்றிச் செல்கின்றன.

அவ்வாறு ஏறிச் செல்லும் தாயின் குழந்தையை யார் வைத்துக்கொள்வது? என் வகுப்பில் இருந்த அறுவரில் நால்வர் பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே படித்தார்கள். மருமகளுக்கு முதல் ஷிப்டு என்றால் வகுப்பு மாலையில். இரண்டாம் ஷிப்டு என்றால் பகலில். ஆலையின் நேரத்திற்கேற்ப எங்கள் பாடவேளையும் மாறியது. முதியோர் உழைக்கும் வயதைக் கடந்தவர்கள் என்று கருதியே கல்வித் திட்டங்கள் 35இல் கோடு போட்டன. ஆனால் இவ்வட்டாரத்தின் உற்பத்தி, ஊதியம் பெறாத இம்மூதாட்டிகளின் உழைப்பின்மீதும் அன்றோ நிற்கிறது? பேரனின் தடுப்பூசி அட்டையைப் பார்ப்பவரும், அவனுக்கு மருந்து ஊட்டுபவரும் இவர்களே. பொருளியல் கணக்கின்படி பார்த்தாலும் இவர்களுக்குக் கல்வி தருவது வீண் செலவாகாது.

சொல்லிக்கொடுத்தவன் கற்றது

நான் செய்த ஒரு பிழையையும் கூற வேண்டும். ஒரு நாள் சூளையில் வேலை செய்த ஆயா ஒருவர் 'டி'யைத் தலைகீழாக எழுதினார். "தப்பு, எத்தனை முறை சொல்வது?" என்று சற்று உரக்கச் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் சிலேட்டை வைத்துவிட்டுப் போனார். மூன்று நாள் வரவில்லை. வீடு தேடிப் போய், "மன்னிச்சுக்குங்க ஆயா" என்றேன். "நான் தூக்கி வளத்த புள்ள நீ. நாலு பேரு முன்னாடி கேட்டுட்டியே ராசா" என்றார்.

குன்றத்தூர் சேக்கிழார் பெருமான் பிறந்த ஊர். பெரியபுராணத்தில் வயது முதிர்ந்த திருநாவுக்கரசரை இளம்பிள்ளையான ஞானசம்பந்தர் 'அப்பரே' என்று அழைத்த செய்தி வருகிறது. அம்முதியவர் அப்பிள்ளையின் சிவிகையைச் சுமந்த செய்தியும் வருகிறது. வயதும் அறிவும் ஒன்றையொன்று மதிக்கும் முறைமை அது. நான் பிறந்த ஊரின் பாடத்தை நானே மறந்திருந்தேன்.

அன்று முதல், நான் ஒன்று சொல்லிக்கொடுத்தால் அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்வது என்று வைத்துக்கொண்டேன். எட்டில் ஒன்று அரைக்கால், பதினாறில் ஒன்று வீசம் என்று பூக்கார ஆயா வாய்க்கணக்காகவே சொன்னபோது, கணிப்பொறி தட்டிப் பழகிய நான் நாணினேன். எழுத்தறியாதவர் அறிவற்றவர் அல்லர். அவர்களுக்குத் தெரிந்தது நம் ஏட்டில் இல்லை, அவ்வளவே.

கையெழுத்து மட்டும் போதுமா?

எழுத்தறிவு என்றால் கையெழுத்துப் போடக் கற்பது என்று பலர் எண்ணுகின்றனர். இது பாதி வழியில் விட்டுவிடுவதாகும். சில வேளைகளில் தீங்கும் ஆகும். கைநாட்டு வைப்பவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்றாவது பிறருக்குத் தோன்றும். கையெழுத்துப் போடுபவரோ படித்துப் பார்த்துத்தான் போட்டார் என்று உலகம் கொள்ளும். ஆகவே, படிக்கக் கற்ற பிறகே கையெழுத்து என்பதை எங்கள் திண்ணையில் விதியாக வைத்தேன்.

தை மாதத்தில் ஒரு நாள் ஆயா தம் தகரப் பெட்டியைத் திறந்து, மஞ்சள் பையில் சுற்றிய ஒரு காகிதக் கட்டை எடுத்து வந்தார். 1997இல் எங்கள் குடும்பத்து நிலத்தைத் தரகர் ஒருவர் வழியாக மனைப்பிரிவுக்கு விற்ற கிரயப் பத்திரத்தின் நகல். நிலம் போனது எல்லோருக்கும் தெரியும். தாம் கைநாட்டு வைத்த தாளில் என்ன எழுதியிருந்தது என்பதுதான் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஆயாவுக்குத் தெரியாது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டினார். பத்திரத் தமிழ் எனக்கே கடினம். நீண்ட தொடர்களை நான் படித்துச் சொன்னேன். தெரிந்த சொற்களை அவர் படித்தார். தம் பெயரைக் கண்டார். தொகையைக் கண்டார். கடைசிப் பக்கத்தில் ஓரிடத்தில் அவர் விரல் நின்றது. 'ப', 'டி', அவருக்கு முதன்முதல் தெரிந்த எழுத்துகள். பத்திரத்தைப் படிக்கக் கேட்டு, சரியென்று ஒப்புக்கொண்டு, கைநாட்டு வைத்ததாக அங்கே எழுதியிருந்தது. அதன் கீழே அவருடைய இடதுகைப் பெருவிரல் ரேகை.

"படிக்கக் கேட்டேன்னு போட்டிருக்குது. யாருமே எனக்குப் படிச்சுக் காட்டலியேடா" என்றார்.

என்னிடம் விடை இல்லை. சிறிது நேரம் அந்த ரேகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காகிதத்தை மடித்து மீண்டும் பையில் வைத்தார். போன நிலம் படிப்பினால் திரும்பி வராது. ஆயினும், மறுவாரம் முதியோர் உதவித்தொகை தொடர்பாக ஒரு படிவத்தில் கைநாட்டு வைக்கச் சொன்னபோது, "இரு, பாத்துட்டு வைக்கிறேன்" என்று சொல்லிக் கண்ணாடியை எடுத்தார். பத்து நிமிடம் ஆயிற்று. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஆயா படித்து முடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

முடிவுரை

எட்டு மாத முடிவில் அறுவரில் நால்வர் எளிய தொடர்களைப் படிக்கிறார்கள். கண்புரைச் சிகிச்சை பெற்ற ஆயா இப்போதுதான் சொற்களுக்கு வந்திருக்கிறார். ஒருவர் வேறொரு மகனின் வீட்டுக்குக் குடிபெயர்ந்ததால் பாதியில் நின்றார். பெரிய வெற்றி என்று இதனைச் சொல்லமாட்டேன். ஆனால் மூன்று உண்மைகள் எனக்குத் தெளிவாயின. முதியவருக்குக் கல்வி தருமுன் கண்ணாடி தர வேண்டும். பாடநூல் விரும்பும் சொல்லிலன்றி, அவர் விரும்பும் சொல்லில் தொடங்க வேண்டும். கற்பிப்பவன் தலைதாழ்ந்து நிற்க வேண்டும்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நம் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் தலைமுறையினர். நமக்குக் கட்டணம் கட்ட உழைத்த கைகளில் பல இன்னும் கைநாட்டு வைக்கும் கைகளே. தன்னார்வலர்களைக் கொண்டே எழுத்தறிவுத் திட்டம் இப்போது நடைபெறுகிறது. 1969 முதல் கல்லூரிகளில் இயங்கிவரும் நாட்டு நலப்பணித் திட்டமும் நமக்கு உண்டு. முகாமுக்குத் தொலைவில் உள்ள சிற்றூர்தான் வேண்டும் என்பதில்லை. நம் வீட்டுத் திண்ணையும் முகாமே. விடுமுறையில் நாளுக்கு ஒரு மணி நேரம், ஒரே ஒரு முதியவர் என்று ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்டால், அடுத்த ஆண்டு மலரில் இக்கட்டுரையைவிடச் சிறந்த கட்டுரைகள் பல வரும்.

ஐம்பதில் வளையுமா என்று பழமொழி கேட்கிறது. எழுபதைக் கடந்தும் வளைந்ததை நான் கண்டேன்.